இடது பெடல்

துருப்பிடித்த இரும்பைத் தொட்ட கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும், சோற்றில் விரல் வைத்ததும் அந்த வாடை எழுந்து வந்துவிடும். அதோடு "கிருஷ்ணாயில்" வாடையும் புளி வாடையும் சேர்ந்துகொண்டால், எனக்குப் பதிமூன்று வயதில் வந்த ஒரு கத்திரி வெயில் மாதம் முழுசாகத் திரும்பி வந்து தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொள்ளும். பத்து வருஷம் கழித்து மறுபடியும் என் கையில் அதே வாடை அடிக்கிறது. கூட உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மாவுக்கும் அது தெரிகிறது. பாதிச் சோற்றோடு எழுந்து போய்விடுகிறாள். அதைப் பற்றித்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடச் சரியில்லை, ரெண்டு வரிக்கு ஒரு தடவை எழுந்து போய் மாட்டுக்கொட்டகையில் நிற்கிற சைக்கிளைப் பார்த்துவிட்டு வருகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உத்திரமேரூருக்கு எட்டு கிலோமீட்டர். அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஊரைத் தாண்டி இருந்த கிரஷரில் வேலை. மலையை வெடி வைத்துப் பிளந்து, வருகிற கல்லை மெஷினில் கொட்டி, ஜல்லியாக உடைத்து லாரியில் ஏற்றுகிற இடம். அண்ணன் ஏழுமலை என்னைவிட நாலு வயது பெரியவன். பத்தாவதில் கணக்குப் போய்விட்டது. நைனா அவனையும் கிரஷருக்கே கூட்டிக்கொண்டு போவதாக முடிவு பண்ணிவிட்டார். அண்ணனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அவன் ஒரு இடத்தில் நிற்கிற ஆளே இல்லை, சாப்பிடும்போதுகூட முட்டி ஆடிக்கொண்டே இருக்கும், சும்மா இருக்கிற டார்ச் லைட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான். உத்திரமேரூரில் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் போய் வேலை கேட்டான். ஜூன் ஒண்ணாம் தேதியிலிருந்து வா, காலை ஏழு மணிக்கு நான் ஷட்டர் தூக்கும்போது நீ வாசலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊருக்கு முதல் பஸ் எட்டரைக்குத்தான்.

ஆகவே சைக்கிள் இருந்தால் மெக்கானிக், இல்லாவிட்டால் கிரஷர். நைனாவும் அதைத்தான் சொன்னார்: "ஒண்ணாந்தேதிக்குள்ள சைக்கிளு ஓடுச்சின்னா உன் வயில நீ போ. ஓடலன்னா என் பின்னாடி வா."

புதுச் சைக்கிளுக்கு எங்கே போவது. கடலைச்செடி பிடுங்கிய கூலியை எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் உத்திரமேரூரில் ஒரு பாய் வைத்திருந்த பழைய இரும்புக் கடைக்குப் போனோம். குவியலுக்கு அடியில், தடித்த டயரும் நேராக நீட்டிய ஹேண்டில்பாருமாக ஒன்று கிடந்தது. எந்தக் காலத்து சைக்கிளோ, யாரோ ஏரியில் போட்டு எடுத்த மாதிரி சேறு காய்ந்திருந்தது. பாய் அதைக் காலால் தட்டிக் காட்டினார். "மலையேறுற சைக்கிளு தம்பி. ஃபாரின் மாடலு. பதினெட்டு கியரு. கியரு மட்டுந்தான் இல்ல."

இரும்பு விலைக்கு எடைபோட்டுத் தருவதாகச் சொன்னார். தராசுக் கொக்கியில் மாட்டத் தூக்கும்போது குழாய்களுக்குள்ளே தண்ணீர் "களக் களக்" என்று ஆடியது. அண்ணன் கொஞ்சம் பொறு பாய் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டுக் குழாய் வழியாகக் கொட்டினான். கறுப்புத் தண்ணீர் வந்தது, அதன் பின்னாடியே விரல்நகம் பெரிசுக்கு ஒரு நண்டு வந்தது. பாய் நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தயும் எடுத்துக்கினு போ. அதுக்கு எட போடல."

ஊருக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது டீக்கடையில் ஒரே சிரிப்பு. "ஏயுமல, மல சைக்கிளு வாங்கிக்கினு வந்துகீற, இங்க மல எங்க கீது? இருந்ததத்தான் உங்க நைனா ஒடச்சி லாரில ஏத்திட்டாரே" என்று ஒருத்தர் கேட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. வேகமாகத் தள்ளினான்.

அதற்குப் பிறகு மாட்டுக்கொட்டகையின் தகரத்துக்குக் கீழேதான் நாங்கள் இருந்தோம். காலை நாஷ்டாகூட அங்கேதான், ஒரு கையில் இட்லி, ஒரு கையில் உப்புத்தாள். புளியையும் செங்கல் தூளையும் குழைத்து நான் போக்ஸ் கம்பிகளைத் தேய்த்தேன், ஒரு சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி, விரல் இடுக்கெல்லாம் வெந்து போனது. அண்ணன் செயினை கிருஷ்ணாயிலில் ஊறப் போட்டு ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நிமிர்த்தினான். கியர் மாற்றுகிற சாமான் இல்லாததால், பின் சக்கரத்துப் பல்சக்கரங்களில் நடுவில் இருந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செயினை அதற்குத் தகுந்த மாதிரி வெட்டி இணைத்தான். பிரேக்குக்கு ஒரு பைக்கின் பழைய கிளட்ச் ஒயர். டயர் வெடித்திருந்த இடத்தில் உள்ளே வேறொரு டயர்த் துண்டை வைத்துக் கோணி ஊசியால் தைத்தான். பெயின்ட், பக்கத்து வீட்டு டிராக்டர் டிரெய்லருக்கு அடித்தது போக டப்பா அடியில் மிஞ்சிய நீலம். அது பத்தாமல் பின்பக்கம் ரெண்டு குழாய் துரு நிறத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு அந்த வயதில் பொறுமை என்பதே கிடையாது. எப்போது ஓடும், எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும் சைக்கிள் எனக்கு என்று பேச்சு.

கடைசியில் பெடல் மட்டும் மிச்சம். இரண்டும் சுற்றவே இல்லை, இறுகிக் கிடந்தன. வலது பெடலை அண்ணன் கழட்டிவிட்டான். இடது பெடல் அசையவில்லை. எண்ணெய் விட்டு வைத்துவிட்டு, வேறு பழைய பெடல் ஜோடி வாங்கி வருகிறேன், அதுவரைக்கும் அதைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: "வலம் கட்டும், இடம் அவிழ்க்கும்." மாட்டுக்குக் கயிறு போடும்போதும், குழாய்க்கு நட்டு போடும்போதும், ஊறுகாய் ஜாடி மூடி திறக்க வராதபோதும் அம்மாவும் நைனாவும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பேனரை மாட்டி இடப்பக்கமாகத் தள்ளினேன். அசையவில்லை. பழைய கைப்பம்புக் குழாய் ஒன்றை ஸ்பேனரில் சொருகிக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்று குதித்தேன். ரெண்டு குதியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் "கிறீச்" என்று சத்தம் வந்து பெடல் சுற்ற ஆரம்பித்தது. கழட்டிவிட்டேன் என்று கொட்டகைக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் பெடல் கம்பியில் சுருள் சுருளாக இரும்புத் தூள், கிராங்கு ஓட்டையில் மரை ஒரு இழைகூட இல்லாமல் வழவழ என்று இருந்தது. இடது பெடலுக்கு மட்டும் மரை மாறி வெட்டியிருப்பார்களாம். இடப்பக்கம் சுற்றினால் இறுகும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

கிராங்கு என்பது பெடலைத் தாங்குகிற அந்த இரும்புக் கை. மற்ற சைக்கிள் கிராங்கு இதற்குச் சேராது. புதுசு வேண்டுமென்றால் மெட்ராஸ்தான் போக வேண்டும். இதெல்லாம் தெரியாமலேயே, ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. பெடலை ஓட்டையில் திணித்து வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் பெடல் ஜோடியோடு வந்து தொட்டதும் பழைய பெடல் கையோடு வந்துவிட்டது. அந்தச் சுருள் தூளை உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் பார்த்தான். "யாரு தொட்டது?"

நான் சொன்னேன்: "நைனா வந்து பாத்துக்கினு இருந்தாரு."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. அண்ணன் அந்தத் தூளைத் தட்டிவிட்டான். கிராங்கைச் சுத்தியால் தட்டிக் கழட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் பாய் கடை, சைக்கிள் கடை எல்லாம் ஏறி இறங்கினான். எங்கும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து அதை ஜன்னல் கட்டையில் வைத்தான். தன்னைக் கிரஷருக்கு இழுக்கிறதற்காகவே நைனா இதைச் செய்துவிட்டார் என்று அவன் நினைத்துவிட்டான். ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமலேயே நைனாவுக்கு முன்னாடி போய் ரோட்டில் நின்றான்.

அன்று சாயங்காலம் அவன் திரும்பி வந்தது எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது. தலை, புருவம், கண் இமை எல்லாம் வெள்ளை மாவு. அம்மா சோறு போட்டுவிட்டு என்னடா எப்படி இருந்தது என்று ரெண்டு தடவை கேட்டாள், காதில் விழவில்லை. முதல் தடவையாக அவன் முட்டி ஆடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

அதை என்னால் பார்க்க முடியவில்லை. நைனா தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நான்தான் ஒடைச்சேன், உன்மேல சொல்லிட்டேன் நைனா என்று சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நைனா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதான் மூஞ்சியே பாக்கமாட்டேங்கறானா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஜன்னல் கட்டையில் கிராங்கைக் காணோம், அண்ணன் வாங்கி வந்த இடது பெடலையும் காணோம். சாயங்காலம் நைனா சோற்றுத் தூக்குப் பையிலிருந்து அதை எடுத்து அண்ணன் முன்னாடி வைத்தார். கிரஷரில் பல் ஒடிந்த மெஷினுக்கெல்லாம் வெல்டிங் வைக்கிற ஆளிடம் கொடுத்து, பெடலையும் கிராங்கையும் சேர்த்து ஒன்றாகப் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். பெடல் சுற்றியது, ஆனால் இனிமேல் கழலாது. ஒட்டு வைத்த இடத்தில் ஒரு பெரிய கொப்புளம் மாதிரி இரும்பு துருத்திக்கொண்டிருந்தது. நைனா சொன்னது ஒரே வார்த்தை: "மாட்டு."

நான் செய்ததை நைனா அவனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒண்ணாம் தேதி காலையில் அவன் போனான். ஆறு வருஷம் அந்தச் சைக்கிளில் போனான், அப்புறம் ஒரு பழைய பைக் வாங்கிக்கொண்டான். வெல்டிங் கொப்புளம் உரசி உரசி அவன் இடது கணுக்காலின் உள்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு விழுந்தது. அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் என்ன பேஜார் என்று அம்மா நைனாவைத் திட்டுவாள். நைனா அரத்தை எடுத்துக்கொண்டு வந்தால் அண்ணன் விடமாட்டான்; தேய்த்தால் பிட்டுக்கொள்ளும் என்பான். மெக்கானிக் கடையில் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான், "ஒடச்சதும் நைனா, ஒட்டனதும் நைனா" என்று. வீட்டிலும் சொல்வான். நைனா பீடியை இழுத்துக்கொண்டே இருப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அண்ணி முன்னாடி சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன ஆடி மாசம், ரிப்பேர் பார்த்து முடித்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க எங்கள் ஊர் ரோட்டுக்கு வந்தவன், வளைவில் லாரியிலிருந்து சிந்திக் கிடந்த ஜல்லியில் சறுக்கிவிட்டான். இருபத்தேழு வயது. நைனா அந்த இடத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். எந்தக் கல் எந்த மலையுடையது என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும். என்ன தெரிந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றோடு கிரஷருக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

வாசலில் கிடத்தியிருந்தபோது வாய்க்கரிசி போட்டுவிட்டுச் சுற்றி வரச் சொன்னார்கள். கோயிலில் சுற்றுகிற பழக்கத்தில் நான் வலப்பக்கமாக ரெண்டு அடி வைத்துவிட்டேன். மாகறலில் கட்டிக்கொடுத்த எங்கள் அத்தை, நைனாவின் அக்கா, என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "அந்தப் பக்கம் இல்லம்மா. இதுக்கு எடமா சுத்தணும்." துணிக்கு வெளியே அவன் இடது கால் தெரிந்தது, அந்தத் தழும்பும் தெரிந்தது. மூன்று சுற்று சுற்றினேன். வீட்டுப் பேச்சுப்படி இடம் அவிழ்க்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் இறுகிக்கொண்டேதான் போனது.

அதிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை. கம்பெனியில் பேக்கிங் வேலை, எட்டு மணி நேரமும் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடியவில்லை. மனசுக்குள் ஒரே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: நான் அன்றைக்கு நைனாவிடம் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெடல் ஒட்டியிருக்காது, ஒட்டாவிட்டால் அவன் மெக்கானிக் ஆகியிருக்க மாட்டான், கிரஷரிலேயே தூசியைத் தின்றுகொண்டாவது உயிரோடு இருந்திருப்பான். காரியம் முடிந்து அவன் துணிமணிகளைக் கொடுத்தபோது, அம்மா சைக்கிளையும் எடுத்துவிடச் சொன்னாள். "அத்தப் பாத்தா அவன் எறங்கி வர்ற மாதிரியே கீது" என்றாள். நான் அதைக் கொட்டகைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டுவிட்டேன். முழுசாக இருந்தால் யாராவது கேட்பார்கள், பிரித்துப் போட்டதை யார் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சம்பளம் வீட்டுக்கே சரியாக இருக்கும். அதனால் ஒரு மாசம் டியூப், ஒரு மாசம் பிரேக் கட்டை என்று வாங்கினேன். மறுபடியும் புளி, செங்கல் தூள், உப்புத்தாள். நீல பெயின்டில் அண்ணன் விரல் ரேகை ஒன்று காயும்முன் பட்டுப் பதிந்திருந்தது, அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டேன். அவனோடு கடையில் வேலை செய்த சதீஷ் வந்து வீல் கோட்டம் எடுத்துக் கொடுத்தான். இடது பெடலைப் பார்த்துவிட்டு, கிரைண்டரில் அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடலாம், ரெண்டு நிமிஷ வேலை என்றான். வேண்டாம் என்றேன். "ஆமா ஆமா, உங்க நைனா ஒடச்சி ஒட்டனதாச்சே. அண்ணன் சொல்லிக்கினே இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனிடமாவது சொல்லியிருக்கலாம்.

போன மாசம் அது ஓடியது. பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் வந்தேன். ஒரே வாரத்தில் என் இடது கணுக்கால் தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. அம்மா பார்த்தாள், தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நைனா வந்தார், கையில் அரம். சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வேணா நைனா. தேச்சா புட்டுக்கும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. நைனா அரத்தைக் கீழே வைத்தார். நான் பத்து வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்: "நீ ஏன் நைனா அவன்கிட்ட சொல்லல? நான்தான் ஒடச்சேன்னு."

நைனா பெடலை ஒரு விரலால் சுற்றிவிட்டார். அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு எம்மேல ஏற்கெனவே கோவந்தான். அதுல ஒண்ணு சேந்தா இன்னா. உன்னோட பேசாம ஒரு நாளு அவனால இருக்க முடியுமா?" மறுபடியும் பெடலைச் சுற்றிவிட்டார். "அப்பறம் அத்தச் சொல்லிச் சொல்லி சிரிப்பான். சிரிக்கிறப்போ எப்டி சொல்றது."

அரத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

மலை இருந்த இடத்தில் இப்போது பெரிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். கிரஷர் வேறு மலைக்குப் போய்விட்டது, லாரிகள் மட்டும் எங்கள் ரோட்டு வழியாகத்தான் ஓடுகின்றன. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. மலை சைக்கிள் என்று கேலி பேச டீக்கடையில் அந்த ஆட்கள் யாரும் இல்லை. என் கணுக்கால் புண் ஆறிக் கறுத்துக்கொண்டு வருகிறது, இன்னும் புளியங்கொட்டை அளவுக்கு வரவில்லை.

காலை டூட்டிக்குப் போகும்போது அந்த வளைவு வந்ததும் இறங்கிவிடுகிறேன். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ரோட்டில் சிந்திக் கிடக்கிற ஜல்லியைச் செருப்புக் காலால் மண்ணுக்குத் தள்ளுகிறேன். கம்பெனி பஸ் போய்விடுமோ என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனாலும் கடைசிக் கல் வரைக்கும் தள்ளிவிட்டுத்தான் ஏறுகிறேன். மறுநாள் போனால் திரும்பவும் கிடக்கும். திரும்பவும் இறங்குகிறேன்.